கிலேச துரையின் வாய்

யுவ வருஷம், புரட்டாசி 9

இந்தக் காகிதப் புத்தகம் துரை கொடுத்தது. தோல் அட்டை, உள்ளே ஒல்லாந்துக் காகிதம், இறகுப் பேனாவும் மைக்கூடும் தனி. "தினமும் எழுதும். நடந்ததை மட்டும் எழுதும், நினைத்ததை எழுதவேண்டாம்" என்றார். அவர் நாற்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறாராம். நான் நினைத்ததையும் எழுதுவதாக உத்தேசம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

என் பேர் உலகநாத முதலி. முத்தாண்டிப்பட்டணத்துக் கோட்டையில் கும்பினியாருக்குத் துபாஷி. என் தகப்பனாரும் துபாஷி, அவர் தகப்பனார் பறங்கிக்காரருக்குத் துபாஷி. சாவடிக் கச்சேரியில் துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்பவன் நான். ஊரார் வாயில் வருவது என் வாய் வழியாகத்தான் துரை காதுக்குப் போகவேண்டும். அவர் சொல்வதும் என் வாய் வழியாகத்தான் ஊராருக்கு வரவேண்டும்.

துரை பேர் வில்லியம் டல்கிளீஷ். இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்து என்று தனி தேசமாம், அங்கே பெரிய கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவராம். டல்கிளீஷ் என்பது ஊரார் வாயில் நுழையாமல் கிலேச துரை ஆகிவிட்டார். முகத்தைப் பார்த்தால் பேர்ப் பொருத்தம் பிரமாதம். வந்து பத்து மாதத்தில் அவர் சிரித்து ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் என் மகளால். நாலு வயது உண்ணாமுலை அவருடைய வெள்ளைப் பொய்மயிரைப் பார்த்து "ஆட்டுத் தாத்தா!" என்று கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நடுங்கிக்கொண்டே சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அதிலிருந்து அவளுக்கு வாரம் ஒரு கற்கண்டுப் பொட்டலம் வருகிறது.

புரட்டாசி 14

கூரைக்குப் புதுக் கீற்று வந்திறங்கியது. கிணற்றில் ஊற்று குறைந்துவிட்டது என்று என் பெண்சாதி தையல்நாயகி மூன்று நாளாகச் சொல்கிறாள். மழை வந்தால் சரியாகிவிடும் என்றேன்.

புரட்டாசி 20

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று சாவடியில் ஒரு வண்ணான் வழக்கு. துணி திருடினான் என்று புகார். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "சத்தியமா நான் தொடலீங்க" என்றான். அவன் குடும்பம் எனக்குத் தெரியும், தங்கமானவர்கள். அதையும் சேர்த்து, இப்படிப்பட்டவன், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவும் தயங்கமாட்டான் என்று இங்கிலீஷில் நன்றாகவே சொன்னேன். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் சொன்னது மூன்று வார்த்தை. நீர் சொன்னது முப்பது வார்த்தை. மீதி இருபத்தேழும் யாருடையவை?"

பக்கத்தில் இருந்த சின்ன துரைகள் சிரித்தார்கள். என்னை மேஜைமேல் கை வைத்து நிற்கச் சொன்னார். சத்தியம் செய்யச் சொன்னார். "அவர்கள் சொன்ன சொல்லைச் சொல்வேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன்." இங்கிலீஷில் ஒரு தடவை, ஊராருக்குக் கேட்கும்படி தமிழில் ஒரு தடவை. மூன்று தலைமுறைத் துபாஷி, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் நின்று ஒப்பித்தேன். அந்த வண்ணான்கூடப் பல்லைக் காட்டினான். அவனுக்காகப் பேசப் போய்த்தானே எனக்கு இந்தக் கதி!

நல்லது துரையே. சொல் மட்டும்தானே வேண்டும்? இனி சொல் மட்டும்தான் கிடைக்கும்.

புரட்டாசி 21

இன்று நாலு வழக்கு. சொல்லுக்குச் சொல், அவ்வளவுதான்.

ஐப்பசி 3

துரை விடிந்ததும் கோட்டை மதில்மேல் நடப்பார். நானும் கூட நடக்கவேண்டும். சாவடியில் நடந்ததை அவர் மறந்தே போய்விட்டார். என்னிடம் தம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய மனிதர்களுக்கு இது ஒரு வசதி.

தகப்பனார் ஏழைப் போதகராம். ஊர் கடலோரம், மரமே முளைக்காதாம், அவ்வளவு காற்று. பதினெட்டு வயதில் ஒல்லாந்து தேசம் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்து வக்கீல் ஆனார். முப்பத்தைந்து வயதில் நீதிபதி. அங்கே நீதிபதி ஆனவருக்குப் பழைய பேர் போய்விடும், அவருடைய நிலம் இருக்கிற ஊரின் பேரே அவர் பேராகிவிடும். இவருக்கு இருந்த நிலம் ஓர் ஆட்டு மேய்ச்சல் காடு. பன்னிரண்டு வருஷம் அந்தக் காட்டின் பேரோடு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஆட்டுத் தாத்தா என்று என் மகள் சொன்னதற்கு ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போதுதான் விளங்கியது.

பிறகு நீதிபதிகள் எல்லோரும் ஒரு சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ராஜாங்கத்து உத்தரவு வந்தது. அதில் முதல் பாதி சொன்னதைப் பின் பாதி மறுத்தது. இவர் போடமாட்டேன் என்றார். வேலையும் நிலமும் போயின, பேரும் போயிற்று. ஒல்லாந்தில் ஒளிந்திருந்து கடைசியில் கும்பினிக் கப்பல் ஏறி இங்கே வந்து சேர்ந்தார்.

"கையெழுத்துதானே, போட்டுவிட்டு இருந்திருக்கலாமே?" என்றேன்.

"என்ன பொருள் என்று தெரியாத வாக்கியத்துக்குக் கீழே எப்படி என் பேரை எழுதுவது?" என்றார்.

அவர் தேசத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மரண தண்டனையை நீதிபதி தம் வாயால் சொல்வதில்லை. அதற்கென்று ஓர் ஆள் உண்டு. நீதிபதி எழுதிக் கொடுத்ததை அவன் எழுந்து நின்று உரக்கச் சொல்வான். சில ஊர்களில் தூக்குப் போடுகிறவனும் அவனேதான்.

"இங்கே அந்த வேலை உம்முடையது" என்றார்.

சட்டென்று கேட்டேன், "தூக்குப் போடுவதா?"

"சொல்வது" என்றார்.

ஐப்பசி 18

நான்கு நாளாக அடைமழை. கிணறு நிரம்பிவிட்டது. தண்ணீர் கலங்கல்தான், ஆனால் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது. தையல்நாயகியின் வாயை அடைத்தாயிற்று.

குப்பத்தில் ஒரு சாவு. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு ஏற்றும் படகுக்காரன் தேசப்பன். வயது முப்பதுகூட இருக்காது. காலையில் கஞ்சி குடித்தவன் மத்தியானம் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு, விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான். அவன் அண்ணன் எத்திராசு சாவடிக்கு வந்து மார்பில் அடித்துக்கொண்டான். "துபாசி ஐயா, அவ வெச்சுட்டா. முந்தாநாள் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. கஞ்சியிலே என்னத்தையோ கலந்துட்டா. அவளே ஒத்துக்கிட்டா, குப்பமே கேட்டுச்சு."

அவ என்பது தேசப்பனின் பெண்சாதி பச்சையம்மாள். தம்பிக்குப் பிள்ளை இல்லை, அவளும் இல்லாவிட்டால் படகு எத்திராசுக்குத்தான். இது என் நினைப்பு. அவன் சொன்ன சொல்லில் இது இல்லை, ஆகையால் துரையிடம் இதைச் சொல்லவில்லை.

ஐப்பசி 25

பச்சையம்மாள் வழக்கு இன்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துரையின் தேசத்துச் சட்டத்தில் ஒரு சாட்சி போதாது, இரண்டு சாட்சி வேண்டும். முதல் சாட்சி எத்திராசு, அவள் ஒப்புக்கொண்ட சொல்லைச் சொன்னான். இரண்டாவது பக்கத்துக் குடிசை நாகம்மாள், மீன் விற்கிறவள். பிணத்தின் பக்கத்தில் பச்சையம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்கச் சொன்னார் துரை. கேட்டேன்.

"'பாவி, என் கையாலே கஞ்சி ஊத்தி நானே கொன்னுட்டேனே'ன்னு சொன்னா" என்றாள் நாகம்மாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நிறுத்திவிட்டேன். துரையின் விதி அதுதானே.

பிறகு பச்சையம்மாள். சின்ன உருவம். அழுது அழுது குரலே இல்லை. இந்தச் சொல்லைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன் சாமி. நேத்து வடிச்ச கஞ்சி. சூடா வடிச்சுப் போட்டிருந்தா இருந்திருப்பாரு. சண்டை போட்ட கோவத்துல பழசை ஊத்தினேன். நான்தான் சாமி கொன்னுட்டேன். என் ராசாவை நானே கொன்னுட்டேன்."

நான் இங்கிலீஷில் சொன்னேன்: அவள் அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்கிறாள். கோபத்தில் பழைய கஞ்சியை ஊற்றினாள். அவள்தான் கொன்றாள். தன் கணவனைத் தானே கொன்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. 'நானே கொன்னுட்டேன்' என்ற ஒலியைத் துரை இங்கிலீஷ் எழுத்தில் தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நடுவில் என்னை ஒன்று கேட்டார், பதில் சொன்னேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

வெளியே நின்ற குப்பத்து ஜனம் சலசலத்தது. என்ன சொல்கிறார்கள் என்றார் துரை. வருத்தப்படுகிறார்கள் என்றேன்.

அவர் எழுதி என் கையில் கொடுத்தார். நான் எழுந்து நின்று தமிழில் உரக்கச் சொன்னேன். கவர்னர் கையெழுத்தானதும் முப்பதாம் நாள் தூக்கு. அவள் என்னைத்தான் பார்த்தாள், துரையைப் பார்க்கவில்லை. "எதுக்கு?" என்றாள்.

அதையும் மொழிபெயர்த்தேன்.

ஐப்பசி 26

சோறு போடும்போது தையல்நாயகி கேட்டாள். "கொன்னுட்டேன்னு சொன்னாளா, இல்ல அப்படிச் சொல்லி அழுதாளா?"

"சொன்னாள்."

"எங்கப்பா செத்தப்ப எங்கம்மாவும்தான் அப்படிச் சொன்னா. பொம்பளைங்க வேற என்ன சொல்லி அழுவாங்க? துரைக்கு அது தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

"நான் சத்தியம் செய்திருக்கிறேன். சொல் மட்டும்தான்" என்றேன்.

"துரை உங்களை ஒண்ணுமே கேக்கலையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கச்சேரி விஷயம் பெண்களுக்கு எதற்கு என்று எழுந்துவிட்டேன். ரசம் நன்றாக இருந்தது, பாதிச் சாப்பாட்டில் எழுந்ததுதான் மிச்சம்.

கார்த்திகை 4

கீற்று வேலை முடிந்தது.

காவல் கிடங்குக்குப் போகவேண்டி வந்தது, வேறு ஒருவன் விஷயமாக. பச்சையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஐயா, நான் சொன்னதை அப்படியே சொன்னீங்களா?"

"அப்படியேதான் சொன்னேன்."

"அப்ப துரைக்குப் புரியலை போல. நான் அழுதது அவருக்கு வேற மாதிரி பட்டுடுச்சு. இன்னொரு வாட்டி பொறுமையா சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு. எங்க வீட்டுக்காரருக்குக் காரியம் பண்ணப் பிள்ளை இல்ல, நான்தான் பண்ணணும்."

பார்க்கலாம் என்றேன். அவள் என்னைக் கும்பிட்டாள். இன்னும் இருபது நாளுக்குமேல் இருக்கிறது. அவசரப்பட்டுப் போய் நின்றால் துரை மறுபடியும் மேஜைமேல் கை வைக்கச் சொல்வார். சமயம் பார்த்துச் சொல்லவேண்டும்.

குப்பத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வயிற்றோட்டமாம். மழைக்காலத்தில் கண்ட மீனையும் தின்றால் அப்படித்தான்.

கார்த்திகை 11

இன்று மதில்மேல் நடக்கும்போது சொல்லிவிடுவது என்று இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகூடத் தயார். ஆனால் துரை முந்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் நீதிபதியாகி இரண்டாம் வருஷம். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண்பிள்ளையைச் சூனியக்காரி என்று பிடித்து வைத்திருந்தார்கள். விசாரிக்க இவரை அனுப்பினார்கள். அந்த மலைக்காரர் பாஷை இவருக்குத் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் நடுவில் நின்றார். அந்தப் பெண்பிள்ளை, "சாத்தான் என் வீட்டில்தான் குடியிருக்கிறான், என் பாயில்தான் படுக்கிறான்" என்று சொன்னதாக அவர் மொழிபெயர்த்தார். சாட்சிகளும் அதையே சொன்னார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். கழுத்தை நெரித்து, பிறகு கொளுத்தினார்கள்.

ஆறு வருஷம் கழித்து இவர் வீட்டு வேலைக்காரி, அந்த மலைப்பக்கத்துக்காரி, ஒருநாள் சமையற்கட்டில் அதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டாராம், ஒலி மறக்கவில்லையாம். குடிகாரப் புருஷனைப் பற்றி அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்களாம்.

"நடுவில் நின்றவருக்கு அது தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரிந்திருக்கும். நான் அவரைக் கேட்கவில்லை. கேட்காதது என் குற்றம்" என்றார். "அதனால்தான் யார் உயிர் போகிற வழக்கானாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். அன்று உம்மைக் கேட்டேனே, அதுபோல. நீர் பதில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

கடல் கொந்தளிப்பாக இருந்தது. படகு ஒன்றும் இறங்கவில்லை. குடைக்காரனை அனுப்பிவிட்டு நான் நனைந்துகொண்டே வீடு வந்தேன். கேள்வி என்ன என்று இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

கார்த்திகை 17

பெரிய கார்த்திகை. வாசலில் தீபம் வைத்தோம். உண்ணாமுலை கையைச் சுட்டுக்கொண்டாள், கொஞ்சம்தான்.

கார்த்திகை 23

குப்பத்தில் இதுவரை ஏழு சாவு. எல்லாம் வாந்திபேதி. தேசப்பனுக்கு வந்ததும் அதுதான் என்று அங்கே பேச்சு. நாகம்மாளும் நாலு பெண்களும் சாவடி வாசலில் வந்து நின்றார்கள்.

"ஐயா, அவ ஒண்ணும் வெக்கல. வியாதி இது. துரைகிட்ட சொல்லுங்க, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்புடறோம்."

சொல்கிறேன் என்று அனுப்பினேன். சாயங்காலம் துரை வீட்டுப் படி வரைக்கும் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் என்ன ஆகும்? நோய் என்று மட்டும் சொன்னால், அவள் ஒப்புக்கொண்டாளே என்பார். அது ஒப்புக்கொண்டது அல்ல, அழுகை என்று சொல்லவேண்டும். அப்படியானால் அன்று கேட்டபோது ஏன் அப்படிச் சொன்னீர் என்பார். மறதி என்று சொல்லலாமா? தமிழ்ப் பெண்கள் அழுவது எப்படி என்று மறந்துபோன துபாஷி என்று ஊர் சிரிக்கும். வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அவர் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

படியில் நின்றவனை வேலைக்காரன் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்றான். ஒன்றுமில்லை, துரை சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை 25

ஆயிற்று. காலை பத்து நாழிகை இருக்கும். தண்டனையை மறுபடியும் ஒரு தடவை நான்தான் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். அவள் கடைசியில் ஏதோ சொன்னாள், தூரத்தில் இருந்ததால் கேட்கவில்லை. துரை கேட்டார். பிரார்த்தனை என்றேன்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். "சொன்னீங்களா ஐயா?" என்றாள்.

மார்கழி 7

நோய் பட்டணத்துக்குள்ளும் வந்துவிட்டது. செட்டித் தெருவில் மூன்று வீடு. எத்திராசு நேற்றுச் செத்தானாம், அதே வாந்தி, அதே பேதி. படகு கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

மார்கழி 10

உண்ணாமுலைக்கு விடியற்காலையிலிருந்து. ஓமத்தண்ணீர் தங்கவில்லை. சுக்கும் தங்கவில்லை. கண் குழிவிழுந்துவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்கிறாள். தையல்நாயகி கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துக் கொடுக்கிறாள்.

மார்கழி 11

போய்விட்டாள்.

மார்கழி 19

எட்டு நாளாகப் பேனாவைத் தொடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். நடந்ததை மட்டும் எழுதும் என்றாரே, அப்படியே.

குழந்தையைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். வாசலில் பல்லக்கு வந்து நின்றது. துரை இறங்கினார். நோய் இருக்கும் வீட்டுக்கு வெள்ளைக்காரர் யாரும் வருவதில்லை, அவர் வந்தார். கையில் கற்கண்டுப் பொட்டலம் இருந்தது. செய்தி தெரிவதற்கு முன்னால் புறப்பட்டிருப்பார் போலிருக்கிறது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே தையல்நாயகி தலைவிரி கோலமாகக் குழந்தைமேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள்.

"பாவி, என் கையாலே தண்ணி குடுத்து நானே கொன்னுட்டேனே! என் கண்ணே, உன்னை நானே கொன்னுட்டேனே!"

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவர் வழக்கன்று மூன்று பேர் வாயில் கேட்டிருக்கிறார், ஒலியைத் தம் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பொட்டலம் கையிலிருந்து விழுந்தது.

"என்ன சொல்கிறாள்?" என்றார்.

நான் குனிந்து பொட்டலத்தை எடுத்தேன். தையல்நாயகி தலையைத் தூக்கினாள். துரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை என் ஜன்மத்தில் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"சொல்லுங்க" என்றாள். "நான் என்ன சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. ஒரு சொல் கூட்டாம, ஒரு சொல் குறைக்காம சொல்லுங்க. நானும் தூக்குல தொங்கறேன்."

துரை மறுபடியும் கேட்டார். நான் சொன்னேன். "செத்துப்போனவர்களைப் பார்த்து எங்கள் பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள்."

"எல்லோருமா?"

"எல்லோரும்."

அவர் பொய்மயிரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே தலை முழுக்க வழுக்கை, கிழவர். பல்லக்கில் ஏறாமல் வெயிலில் நடந்தே போனார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. வழக்கன்று அவர் என்னைக் கேட்டது இது: "இந்தச் சொல்லுக்கு உங்கள் பாஷையில் வேறு பொருள் உண்டா?" நான் சொன்ன பதில்: "இல்லை." தெரியாமல் சொல்லவில்லை. அவர் கேட்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இருபத்தேழு வார்த்தை யாருடையவை என்று கேட்டீரே, இப்போது என் வார்த்தை வேண்டியிருக்கிறதா என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி ரோஷத்தில் வந்த சொல் அது. பிறகு அதைத் திரும்ப விழுங்க முப்பது நாள் கொடுத்திருந்தார்.

தை 4

துரை கவர்னருக்கு எழுதிவிட்டார், வேலை வேண்டாமென்று. காற்று திரும்பியதும் கப்பல். எங்கே போவார் என்று தெரியவில்லை. அவர் தேசத்தில் அவருக்குப் பேரும் இல்லை, நிலமும் இல்லை.

இன்று காலை சாவடிக்கு ஊராரை வரச் சொல்லியிருந்தார். குப்பத்து ஜனம் வந்து வெளியே நின்றது, பாதிப் பேர் இல்லை. நாகம்மாள் முன்னால் நின்றாள். துரை ஆசனத்தில் உட்காரவில்லை. பொய்மயிர் இல்லாமல், மேஜைக்கு இந்தப் பக்கம், குற்றவாளி நிற்கிற இடத்தில் வந்து நின்றார். கச்சேரிப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அதில் பச்சையம்மாள் வழக்கின் கீழே புதிதாக எழுதியிருந்தது. என் பேர் அதில் எங்கும் இல்லை. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

"நான் சொல்லச் சொல்ல நீர் சொல்லும்" என்றார். "சொல் மட்டும்."

அவர் சொன்னார், நான் உரக்கச் சொன்னேன்.

"பச்சையம்மாள் ஒரு குற்றமும் செய்யவில்லை."

பிறகு அடுத்தது.

"அவள் அழுதாள். அழுததைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன்."

அடுத்த வாக்கியத்தை அவர் இங்கிலீஷில் சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதி வைத்திருந்த ஒலியைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, நாக்கு புரளாமல் தமிழிலேயே சொன்னார். "நானே கொன்னுட்டேன்."

அதையும் நான் சொல்லவேண்டும் என்று விதி இல்லை. அவர் சொன்னதே தமிழ். ஆனாலும் சொன்னேன். "நானே கொன்னுட்டேன்" என்று, சாவடிக்கு வெளியே கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி.

நாகம்மாள் துரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அதையே சொல்றீங்க. யாரு கொன்னது? அவரா, நீயா?"

என்ன கேட்கிறாள் என்றார் துரை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"அதற்கு நான் பதில் சொல்லமுடியாது" என்றார். "அது உம்மைக் கேட்ட கேள்வி."

மேஜைமேல் கை வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

"நான்" என்றேன்.

துரை அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பேனாவைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.